பவளப்பாறைப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளப்பாறைகளைக் கணக்கெடுப்பதும், அவற்றைப் பராமரிக்கும் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்வதும் என் தொழில். கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கும்போதும், படகில் அடுத்த முக்குளிப்புக்காகக் காத்திருக்கும்போதும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

பவளம் என்பது கல்லா, செடியா, உயிரினமா?

பவளம் ஒரு விலங்கு. சொறி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவு. பாலிப் எனப்படும் சிறு உடல், அதன் உச்சியில் ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள், அவ்வளவுதான் அதன் அமைப்பு. அந்தச் சிறு உடல் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒட்டி வாழும் கூட்டுக்குடியிருப்பைத்தான் நாம் ஒரு பவளம் என்கிறோம். அப்படிப்பட்ட பவளங்கள் பல நூற்றாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியது பவளப்பாறை.

செடியோ என்ற சந்தேகத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. பாலிப்பின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவதே. குன்றுபோல் உருண்டு வளரும் வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். மான்கொம்புபோல் கிளைக்கும் வகைகள் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வளரும். இந்த வேறுபாடு பின்வரும் பதில்களில் அடிக்கடி தேவைப்படும்.

நகையில் பதிக்கும் பவளமும் இதுவும் ஒன்றா?

இல்லை. நகைக்குரிய செம்பவளம் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் வெளிச்சம் குறைந்த நீரில் வளரும் வேறொரு வகை. அது பாசியை நம்பி வாழ்வதில்லை, பாறை கட்டுவதும் இல்லை. இந்தப் பக்கத்தில் பேசப்படுவது பாறை கட்டும் கற்பவளங்களைப் பற்றி மட்டுமே.

கடலில் ஒரு மூலையில் கிடக்கும் இதற்காக ஏன் இவ்வளவு கவலை?

பவளப்பாறைகள் கடலடிப் பரப்பில் 1 சதவீதத்துக்கும் மிகக் குறைவான இடத்தையே பிடித்திருக்கின்றன. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய கால் பங்கு, வாழ்நாளின் ஏதாவது ஒரு கட்டத்திலாவது அவற்றை நம்பியிருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் இந்தப் பாறைத் திட்டுகளில் மீன் ஏன் தங்குகிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் அலை. பல நாடுகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வொன்று, பவளப்பாறைகள் கரையை நோக்கி வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைத்துவிடுகின்றன என்று காட்டியது. கரையில் கட்டப்படும் சுவர் விரிசல் விட்டால் பணம் செலவழித்துச் சரிசெய்ய வேண்டும். உயிருள்ள பாறையோ தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்.

நீங்கள் நாள் முழுக்கக் கடலுக்குள்ளேயே இருப்பீர்களா? உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்?

கடலுக்குள் செலவழிப்பதைவிட மேசை முன்னாலும் கூட்டங்களிலும் செலவழிக்கும் நேரமே அதிகம். கடலுக்குள் செய்யும் வேலையும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டக்கூடியதுதான். 50 மீட்டர் நாடா ஒன்றைப் பாறையின் மேல் விரிக்கிறோம். மீன் எண்ணுபவர் முதலில் போக வேண்டும், ஏனென்றால் நாடா விரிப்பவரின் அசைவிலேயே பாதி மீன்கள் ஒதுங்கிவிடும். பிறகு நாடாவின் ஒவ்வொரு அரை மீட்டர் குறிக்கும் நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுகிறோம். 0.5: மணல். 1.0: கிளைப் பவளம். 1.5: செத்த பவளத்தின் மேல் பாசி. 2.0: மறுபடியும் பாசி. ஒரு நாடாவுக்கு நூறு புள்ளிகள் என்பதால் 23 புள்ளிகளில் உயிருள்ள பவளம் இருந்தால் அங்கே பவளப் பரப்பு 23 சதவீதம். இதையே அதே இடத்தில், அதே ஆழத்தில், ஆண்டுதோறும் செய்கிறோம்.

மீதி நேரம் இந்த எண்களை வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர்களோடு பேசுவதில் போகிறது. கழிவுநீர்க் குழாய் எங்கே முடிய வேண்டும், துறைமுகத்தைத் தூர்வாரும் பணியைப் பவளம் முட்டையிடும் வாரங்களில் நிறுத்தலாமா, எந்தத் திட்டில் மீன்பிடிப்பைத் தவிர்க்கலாம் என்பவையெல்லாம் அந்தப் பேச்சில் அடங்கும். பாறையை யாரும் நேரடியாக நிர்வகிப்பதில்லை. பாறையைச் சுற்றியுள்ள மனிதர்களின் செயல்களைத்தான் நிர்வகிக்கிறோம்.

பவளம் வெளுத்துப்போனால் செத்துவிட்டது என்றுதானே பொருள்?

உடனே அப்படிச் சொல்ல முடியாது. நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடானால், திசுவுக்குள் இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, செல்களுக்குத் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. பவளம் அந்தப் பாசியை வெளியேற்றுகிறது. நிறம் போனதும் கண்ணாடிபோன்ற திசுவின் வழியே வெள்ளைக் கூடு தெரிகிறது. இதைத்தான் வெளிறுதல் என்கிறோம். அந்நிலையில் பவளம் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் பெருகிப் பவளம் தேறலாம், குளிராவிட்டால் இறந்துவிடும்.

நீருக்கடியில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. வெளிறிய பவளத்தை நெருங்கிப் பார்த்தால் பாலிப்புகள் ஒளி ஊடுருவும் சிறு பொட்டுகளாகத் தெரியும், மேற்பரப்பு தூய வெண்மையாக இருக்கும். இறந்ததன் மேல் சில நாட்களிலேயே பச்சையும் பழுப்புமாகப் பாசிப் படலம் ஏறிவிடும். கண்கூசும் வெண்மையாக இருக்கும் படங்களைப் பார்த்து மக்கள் பதறுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்த மாதம் எடுக்கப்பட்ட, யாரும் பகிராத அழுக்குப் பழுப்புப் படம்.

வெளிறப் போகிறது என்பதை முன்கூட்டியே எப்படிச் சொல்கிறீர்கள்?

அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா செயற்கைக்கோள் வழியாகக் கடற்பரப்பு வெப்பத்தை அளந்து வெளியிடுகிறது. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரியை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேல் 1 டிகிரி செல்சியஸோ அதற்கு அதிகமாகவோ வெப்பம் இருந்த வாரங்களின் கூடுதல் டிகிரிகளைக் கடைசி 12 வாரங்களுக்குக் கூட்டுவார்கள். 2 டிகிரி கூடுதல் வெப்பம் இரண்டு வாரம் நீடித்தால் கணக்கு 4. பொதுவாக 4ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறுதலையும், 8ஐத் தொட்டால் பரவலான இறப்பையும் எதிர்பார்க்கிறோம்.

8க்கு மேல் தனி எச்சரிக்கை நிலை தேவைப்படாது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2023 இறுதியில் மூன்று புதிய நிலைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அவற்றில் உச்சநிலை 20க்கு மேல்.

உலகளாவிய வெளிறுதல் இதுவரை நான்கு முறை பதிவாகியுள்ளது: 1998, 2010, 2014 முதல் 2017 வரை, பிறகு 2023இல் தொடங்கியது. நான்காவதில், 2025 தொடக்கம் வரையிலான கணக்குப்படி, உலகப் பவளப்பாறைப் பரப்பில் ஏறக்குறைய 84 சதவீதம் வெளிறச் செய்யும் அளவு வெப்பத்துக்கு ஆளானது. முதல் இடைவெளியைவிட அடுத்தவை சுருங்கியிருப்பதைக் கவனிக்கவும். கிளைப் பவளங்கள் நிறைந்த பாறை தேறுவதற்கே பத்தாண்டுகள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் வெப்பம்தான் காரணமா?

இல்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 1985க்கும் 2012க்கும் இடையில் தன் பவளப் பரப்பில் ஏறக்குறைய பாதியை இழந்தது. அந்த இழப்பில் 48 சதவீதத்துக்குப் புயல்களும், 42 சதவீதத்துக்குப் பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீனும் காரணம். வெளிறுதலின் பங்கு 10 சதவீதம் மட்டுமே. இன்றைக்கு இந்த விகிதம் மாறிவிட்டது, ஆனால் மற்றக் காரணங்கள் மறைந்துவிடவில்லை. ஆறுகள் கொண்டுவரும் சேறு, உரம், கழிவுநீர், வெடிவைத்து மீன்பிடித்தல், நோய் ஆகியவை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் பாதிக்கின்றன. 2014இல் ஃபுளோரிடாவில் முதலில் காணப்பட்ட கற்பவளத் திசு இழப்பு நோய் இன்று கரீபியன் கடலின் பெரும்பகுதியில் பரவியிருக்கிறது.

நேரடியாக வெட்டியெடுப்பதும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளம் தோண்டப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்தியாவில் 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

முட்கிரீட நட்சத்திர மீன்களை ஊசி போட்டுக் கொல்கிறீர்களாமே? இயற்கையில் இப்படிக் கைவைக்கலாமா?

வினிகரையோ பித்த உப்புக் கரைசலையோ ஊசியால் செலுத்திக் கொல்வது உண்மைதான். அந்த நட்சத்திர மீன் வேற்றுக்கடலிலிருந்து வந்ததல்ல; குறைந்த எண்ணிக்கையில் இருக்கும்வரை, வேகமாக வளரும் பவளங்களைத் தின்று மற்றவற்றுக்கு இடம் கொடுப்பதால் நன்மைகூடச் செய்கிறது. ஆனால் ஒரு நட்சத்திர மீன் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் பவளத்தைத் தின்னும். அவை ஆயிரக்கணக்கில் பெருகும்போது பாறை தாங்காது.

அந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் மனிதர் கை ஏற்கெனவே இருக்கலாம் என்பதே என் பதில். வயலிலிருந்து வரும் உரச்சத்து நுண்பாசிகளைப் பெருக்கி, அவற்றை உண்ணும் நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பிழைக்கவைக்கிறது என்பது ஒரு விளக்கம். அவற்றை உண்ணும் மீன்கள் பிடிபட்டுக் குறைந்தது இன்னொன்று. ஊசி இவற்றுக்கு மாற்றல்ல. பாறைக்குக் கால அவகாசம் வாங்கித் தரும் வழி, அவ்வளவே.

மீனவர்களை விரட்டத்தானே இந்தப் பாதுகாப்புப் பேச்செல்லாம்?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும், அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. கேட்காமல் கோடு போட்டுவிட்டுப் போனவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். ஆனால் மீனுக்கும் பவளத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பாறையில் காலியான இடம் தோன்றினால் அதைப் பவளமும் பாசியும் போட்டிபோட்டுப் பிடிக்கும், பாசிதான் வேகமாக வளரும். அதை மேய்ந்து கட்டுக்குள் வைப்பவை கிளிமீன்களும் கடல் முள்ளெலிகளும். கரீபியன் கடலில் மீன்கள் ஏற்கெனவே குறைந்திருந்த நிலையில், 1983–84இல் ஒரு நோய் கறுப்புக் கடல் முள்ளெலிகளில் மிகப் பெரும்பான்மையைக் கொன்றது. பல பாறைகள் பாசிக்காடுகளாகி, இன்றுவரை முழுமையாகத் தேறவில்லை. மேய்பவற்றைக் காக்க 2009இல் மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் கிளிமீன் பிடிப்பைத் தடைசெய்தது இதனால்தான்.

விரட்டாமல் செய்த முன்னுதாரணமும் இருக்கிறது. பிலிப்பீன்ஸின் ஆப்போ தீவில், கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவின் ஊக்கத்தில், 1980களின் தொடக்கத்தில் ஊர் மக்களே பாறையின் ஒரு சிறு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். உள்ளே மீன்கள் பெருகிய பிறகு எல்லைக்கு வெளியே தூண்டில் போட்டவர்களுக்கும் பயன் கிடைத்தது. காவல் காத்தவர்களும் அவர்களே. மீனவர் ஒப்புக்கொள்ளாத கோட்டை எந்த ரோந்துப் படகாலும் காக்க முடியாது என்பது என் அனுபவம்.

அப்படியானால் ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்று அறிவித்தால் போதுமா?

போதாது. காகிதத்தில் மட்டும் இருக்கும் பூங்காக்கள் உலகெங்கும் உண்டு. பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004இல் மீன்பிடி தடைசெய்யப்பட்ட பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து ஏறக்குறைய 33 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அது பலன் தந்ததற்குக் கோடு மட்டும் காரணமல்ல. கண்காணிப்பும் அபராதமும் தொடர்ந்த கணக்கெடுப்பும் உடன் வந்தன.

சிறிய ஏற்பாடுகளும் பெரிதாக உதவும். படகுகளைக் கட்ட நிலையான மிதவைகள் போட்டால் நங்கூரம் போட வேண்டியதில்லை. முதல் பதிலில் சொன்ன வளர்ச்சி வேகத்தை நினைத்துப் பாருங்கள்: 2 மீட்டர் உயரக் குன்றுப் பவளம் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளின் கட்டுமானம்; ஒரு நங்கூரச் சங்கிலி அதை ஒரு பிற்பகலில் பிளந்துவிடும்.

மரம் நடுவதுபோலப் பவளத்தையும் நடலாமே?

நடலாம், நடுகிறோம். ஒடிந்த துண்டுகளைக் கயிற்றிலோ சட்டத்திலோ கட்டி நீருக்குள் நாற்றங்கால் அமைத்து, வளர்ந்தபின் பாறையில் ஒட்டுவது வழக்கமான முறை. வெடிவைத்துச் சிதைந்த இடங்களில் இது மிகவும் தேவை, ஏனென்றால் அங்கே உருண்டுகொண்டே இருக்கும் சல்லியின் மேல் புதிய பவளக்குஞ்சு நிலைகொள்ள முடியாது. இந்தோனேசியாவின் சுலவேசிக் கரையில் சல்லியின் மேல் இரும்புச் சட்டங்களைப் பிணைத்துப் பவளம் நட்ட இடங்கள், நான்கே ஆண்டுகளில் நலமான பாறைக்கு இணையான வேகத்தில் சுண்ணாம்பு கட்டத் தொடங்கின.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். பரப்பு மிகச் சிறியது. ஹெக்டேர் கணக்கில் நடுகிறோம், சதுர கிலோமீட்டர் கணக்கில் இழக்கிறோம். ஒரே தாய்ப்பவளத்தின் துண்டுகளையே நட்டால் எல்லாம் ஒரே மரபணுவாக இருக்கும், ஒரே நோயில் எல்லாம் போகும். முழுநிலவுக்குப் பின் சில இரவுகளில் பவளங்கள் ஒருசேர வெளியிடும் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு வளர்ப்பது கடினமானாலும் நல்லது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். மூன்றாவது, நட்ட இடத்தின் நோய் தீராமல் நடுவது வீண். 2023 கோடையில் ஃபுளோரிடாவில் நீர் அவ்வளவு சூடானதால், கடலிலிருந்த நாற்றங்கால்களையே பெயர்த்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

பழைய டயர்களைக் கடலில் போட்டால் பவளம் ஒட்டிக்கொள்ளாதா?

1970களில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 20 லட்சம் டயர்களைப் போட்டுப் பார்த்தார்கள். கட்டியிருந்த கம்பிகள் துருப்பிடித்து அறுந்தன. புயலடிக்கும்போதெல்லாம் டயர்கள் உருண்டு பக்கத்திலிருந்த இயற்கைப் பாறையை இடித்தன. அவற்றை வெளியே எடுக்கும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. நிலைத்து நிற்காத எதன்மேலும் பாறை உருவாகாது.

சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு குளித்தால் பவளம் செத்துவிடுமா?

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் ஆய்வகத்தில் பவளக் குஞ்சுகளைப் பாதித்ததால் ஹவாய் 2021 முதல் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடைசெய்தது. கூட்டம் நிறைந்த சிறு விரிகுடாவில் இது பொருட்படுத்தத்தக்கதே. உலக அளவில் வெப்பத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. முழுக்கைச் சட்டை அணிந்து நீந்தினால் பிரச்சினை தீர்ந்தது.

வெப்பம் தாங்கும் பவளத்தை உருவாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

அந்தத் திசையில் நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. பவள ஆய்வாளர்கள் ரூத் கேட்ஸ், மேட்லின் வான் ஆப்பன் ஆகியோர் 2015இல் முன்வைத்த ‘உதவிபெறும் பரிணாமம்’ என்ற கருத்து, தாங்குதிறன் கொண்ட பவளங்களைத் தேர்ந்து கலப்பதையும் உள்ளிருக்கும் பாசியைப் பழக்குவதையும் பற்றியது. செங்கடலின் வடகோடியில் இயல்பாகவே வெப்பம் தாங்கும் பவளங்கள் இருக்கின்றன.

ஆனால் தாங்கும் எல்லையை ஓரிரு டிகிரி உயர்த்துவது வேறு, எல்லையே இல்லாமல் செய்வது வேறு. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடப் புவி 1.5 டிகிரி சூடானால் வெப்பக்கடல் பவளங்களில் 70 முதல் 90 சதவீதமும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேலும் அழியும் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு 2018இல் மதிப்பிட்டது. வெப்பத்தோடு கடல்நீர் அமிலத்தன்மையும் ஏறுவதால் கூடு கட்டும் செலவும் கூடுகிறது.

கடலைக் குளிர்விக்க உங்களால் முடியாது. பிறகு உள்ளூரில் பாடுபட்டு என்ன பயன்?

இதுவே எல்லாக் கேள்விகளிலும் நேர்மையானது. 2016இல் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளிறியபோது, நீர் தெளிவாக இருந்த இடங்களும் மீன்பிடி தடைசெய்யப்பட்ட இடங்களும் மற்றவற்றைப் போலவே வெளிறின. காவல் வெப்பத்தைத் தடுக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவது எங்கள் துறைக்கே நம்பிக்கைக் கேடு.

ஆனால் வெளிறுவது ஒரு கட்டம், தேறுவது இன்னொரு கட்டம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் தனித்துக் கிடக்கும் ஸ்காட் பவளத்திட்டு 1998இல் தன் பவளத்தில் பெரும்பகுதியை இழந்தது. குஞ்சுகளை அனுப்ப அருகில் வேறு பாறை கிடையாது. தேறாது என்றே எதிர்பார்த்தார்கள். 12 ஆண்டுகளில் தேறிவிட்டது. அங்கே சேறோ கழிவோ இல்லை, பாசியை மேயும் மீன்கள் ஏராளமாக இருந்தன. உள்ளூர்ப் பணி இந்த இரண்டாம் கட்டத்துக்கானது. சில வேளைகளில் அந்தப் பணி கடலிலேயே இருப்பதில்லை: இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில், எலிகள் இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் பெருகி, அவற்றின் எச்சம் கடலுக்குள் கழுவப்பட்டு உரமாகி, அருகிலுள்ள பாறைகளில் மீன்களின் மொத்த எடை எலிகள் உள்ள தீவுகளைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பவளத்துக்காக எலி பிடிக்க வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

அடுத்த வெளிறுதல் பாறை தேறுவதற்கு முன்பே வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், அதற்கு உள்ளூரில் விடை கிடையாது. கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைப்பது மட்டுமே விடை.

2022இல் ஆஸ்திரேலியாவில் பவளம் சாதனை அளவுக்குக் கூடியதாகச் செய்தி வந்ததே? அழிகிறது என்பது மிகையா?

செய்தி சரியானதே. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடக்கிலும் நடுவிலும் 36 ஆண்டுக் கணக்கெடுப்பில் மிக உயர்ந்த பரப்பு அந்த ஆண்டு பதிவானது. ஆனால் ‘பவளப் பரப்பு’ என்பது நாடாவுக்குக் கீழே எத்தனை புள்ளிகளில் பவளம் இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்; எது இருந்தது என்று சொல்லாது. அந்த உயர்வு பெரும்பாலும் முதல் பதிலில் சொன்ன, வேகமாக வளரும் கிளைப் பவளங்களால் வந்தது. புயலில் முதலில் ஒடிபவை அவை, வெப்பத்தில் முதலில் வெளிறுபவை அவை, முட்கிரீட நட்சத்திர மீனுக்கு மிகப் பிடித்தவையும் அவை. 2024இன் வெளிறுதலுக்குப் பிறகு அதே கணக்கெடுப்பு, திட்டின் வடக்கு, நடு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் இரண்டில் அதுவரை காணாத ஓராண்டுச் சரிவைப் பதிவுசெய்தது.

ஒரு பாதுகாப்புத் திட்டம் பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திட்டம் தொடங்கும் முன்பே அளந்திருக்க வேண்டும், திட்டம் இல்லாத ஒத்த பாறையையும் சேர்த்தே அளந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல், ஐந்தாண்டு கழித்து அழகான படம் காட்டும் அறிக்கையை நான் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல மழையாண்டில் யார் வயலும் பச்சையாகத்தான் இருக்கும். மீன் எண்ணிக்கையில் மாற்றம் சில ஆண்டுகளில் தெரியலாம், பவளத்தில் தெரியப் பத்தாண்டுகூட ஆகலாம்.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதபோது நாங்கள் தேடுவது பவளக்குஞ்சுகளை. நாடாவின் ஓரத்தில் கால் சதுர மீட்டர் சட்டம் ஒன்றை வைத்து, பாசியை விரலால் விலக்கி, பிளவுகளுக்குள் விளக்கடித்துப் பார்ப்போம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, விளிம்பு சற்று வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தால் அது ஓரிரு வயதுக் குஞ்சு. ஒரு சட்டத்துக்குள் அப்படி இரண்டு மூன்று கிடைக்கும் பாறையில், இப்போதைய பவளப் பரப்பு 10 சதவீதமே ஆனாலும், அங்கே செலவழிக்கச் சொல்வேன். ஒன்றுகூட இல்லாத பாறையில் 40 சதவீதம் இருந்தாலும் முதலில் நீரையும் மேயும் மீனையும் பார்க்கச் சொல்வேன்.